போர்வெல்லில் 2.9 கிலோ, கடைசியில் 0.4: ஒரு கொல்லை பைப் லைனில் அழுத்தத்தைத் தேடிய பதிவு

பண்ருட்டிக்குக் கிழக்கே ஒரு செம்மண் கொல்லை. 7.5 எச்.பி. சப்மெர்சிபிள் மோட்டார் ஓடும் போர்வெல் ஒரு மூலையில், இரண்டு ஏக்கர் மல்லாட்டை (நிலக்கடலை) இன்னொரு மூலையில். இடையில் 420 மீட்டருக்கு 63 மி.மீ பி.வி.சி. பைப், கடையில் 2 இன்ச் என்று கேட்டு வாங்குவது. 6 கிலோ ரகம், அதாவது சதுர செ.மீட்டருக்கு 6 கிலோ அழுத்தம் தாங்குவது (இந்தப் பதிவில் கிலோ என்பதெல்லாம் இந்த அழுத்தம்தான்). ஒரு லென்த் 6 மீட்டர், மொத்தம் 70 லென்த். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கரையைக் கடந்தபோது இந்தப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. அதற்குப் பிறகு திருத்திய கொல்லைகளில் அவசரத்துக்குக் கையில் கிடைத்ததைப் போட்டு ஓட்டிய லைன்கள் நிறைய உண்டு. இதுவும் அப்படிப்பட்ட ஒன்று.

குறை இதுதான்: ஸ்பிரிங்க்ளர் ஐந்து மாட்டினால் நன்றாகச் சுற்றுகிறது. ஏழைத் தாண்டினால் வீச்சு படுத்துவிடுகிறது. ஒன்பது மாட்டினால் துளி பெரிதாகி, ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு வளையம் மட்டும் நனைந்து நடுவில் காய்ந்த திட்டு நிற்கிறது. ஒன்பதும் ஓடினால் ஒரு முறைக்கு 12-க்கு 12 மீட்டர் இடைவெளியில் ஏறத்தாழ 1,300 சதுர மீட்டர் நனையும். ஆறேழு முறை மாற்றினால் இரண்டு ஏக்கரும் முடிந்துவிடும். ஐந்தை வைத்துக்கொண்டு ஓட்டினால் மும்முனை மின்சாரம் வரும் நேரத்துக்குள் வேலை முடிவதில்லை.

எல்லோரும் சொன்ன வைத்தியம் மோட்டாரை 10 எச்.பி. ஆக்குவது. இந்த வைத்தியத்தைத்தான் முதலில் தடுக்க வேண்டும். அழுத்தம் எங்கே விழுகிறது என்று தெரியாமல் மோட்டாரைப் பெரிதாக்குவது, ஓட்டைக் குடத்துக்குப் பெரிய வாளியில் ஊற்றுவது மாதிரி. 30 மீட்டர் தள்ளி இருந்தாலும் 400 மீட்டர் தள்ளி இருந்தாலும் பைப் ஒவ்வொரு மீட்டருக்கும் ஒரு கட்டணம் வாங்குகிறது. எந்த மீட்டர் அதிகமாக வாங்குகிறது என்பதைக் கேஜ் (அழுத்தமானி) வைத்துப் பார்த்துவிடலாம்.

தேவையான ஓட்டத்தில்தான் சோதிக்க வேண்டும்

ஒன்பது ஸ்பிரிங்க்ளருக்கு 2.5 கிலோவில் ஒவ்வொன்றும் நிமிஷத்துக்கு 29 லிட்டர். மொத்தம் 261 லிட்டர், அதாவது விநாடிக்கு 4.35 லிட்டர். ஸ்பிரிங்க்ளரை மாட்டிக்கொண்டு அழுத்தம் பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும். அழுத்தம் குறைந்தால் ஸ்பிரிங்க்ளர் குடிக்கும் தண்ணீரும் குறையும். தண்ணீர் குறைந்தால் பைப்பில் இழப்பும் குறையும். இரண்டும் ஒன்றையொன்று சரிக்கட்டிக்கொண்டு நடுவில் எங்கோ நிற்கும். இங்கே ஒன்பதும் மாட்டியபோது கேஜ் 1.6 காட்டியது. "பெரிய மோசமில்லையே" என்று தோன்ற வைக்கும் எண் அது.

அதனால் ஸ்பிரிங்க்ளரைக் கழற்றிவிட்டு, கடைசி வால்விலிருந்து 200 லிட்டர் டிரம்முக்குத் தண்ணீரைத் திருப்பினோம். டிரம் 46 விநாடியில் நிரம்பும்படி வால்வை நிறுத்த வேண்டும்: 200 வகுத்தல் 46, விநாடிக்கு 4.35 லிட்டர். மூன்று முறை நிரப்பிச் சராசரி எடுப்பது அவசியம். ஒரு விநாடி பிசகினால் ஓட்டத்தில் 2 சதவீதம் பிசகும், இழப்பில் அது 4 சதவீதமாகிவிடும். ஓட்டத்தை இப்படிப் பூட்டிய பிறகுதான் கேஜைத் தொட வேண்டும்.

அதே சமயம் ஸ்டார்ட்டரில் வோல்டேஜையும் ஆம்பியரையும் குறித்துக்கொள்ளுங்கள். மின்னழுத்தம் இறங்கினாலும், போரில் நீர்மட்டம் இறங்கினாலும் மேலே வரும் அழுத்தம் மாறும். வேலைக்கு முன்பும் பின்பும் அளந்ததை ஒப்பிட இந்த இரண்டு எண்ணும் வேண்டும்.

கேஜ் மாட்டும் விதம்

0 முதல் 4 கிலோ வரை காட்டும், 4 இன்ச் முகப்புள்ள, கிளிசரின் நிரப்பிய கேஜ் ஒன்று போதும். 10 கிலோ கேஜில் 0.4-க்கும் 0.5-க்கும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. ஒரே கேஜை எல்லா இடத்துக்கும் எடுத்துப்போவது முக்கியம். இரண்டு கேஜ் வைத்தால் அவற்றுக்குள் இருக்கும் பிழையே 0.1 கிலோவுக்கு வந்துவிடும். நாம் தேடும் எண்ணும் அதே அளவுதான். 4 கிலோ கேஜை மாட்டுவதற்கு முன், போரடி கேட் வால்வை மெதுவாக முழுக்க மூடி ஒரு பெரிய கேஜில் மூடு அழுத்தத்தைப் பார்த்துவிட வேண்டும். இங்கே 4.2 வந்தது. அதனால் பைப்புக்கு ஆபத்தில்லை. ஆனால் சின்னக் கேஜ் மாட்டியிருக்கும்போது எந்த வால்வையும் முழுசாக மூடக் கூடாது.

மண்ணைத் தோண்டிப் பைப்பில் 63 மி.மீ சேடில் (பைப்பைச் சுற்றிக் கவ்விக் கிளை எடுக்க உதவும் பட்டை) மாட்டி, அரை இன்ச் துளை, அரை இன்ச் பால் வால்வு, அதில் கேஜ். துளையைப் பைப்பின் பக்கவாட்டில் போடுங்கள். மேலே போட்டால் காற்று வரும், கீழே போட்டால் மணல் வந்து அடைக்கும். துளையின் உள்விளிம்பில் பிசிறு இருந்தால் ஓடும் தண்ணீர் அதில் மோதி அளவைத் தப்பாக்கும். அரத்தால் வழித்துவிட வேண்டும். எல்போவுக்கோ (பைப் திரும்பும் வளைவு) டீக்கோ (கிளை பிரியும் இணைப்பு) பக்கத்தில் துளை போடக் கூடாது. பைப் விட்டத்தைப் போல் குறைந்தது பத்து மடங்கு நேர் ஓட்டம், இங்கே 60 செ.மீ, அதற்குப் பிறகுதான் தண்ணீர் அமைதிப்படும்.

நிலத்தின் மேடுபள்ளத்தைக் கொத்தனார் பயன்படுத்தும் டியூப் லெவலால் பார்த்தோம். முழு நீளத்துக்கும் ஒரு அடிக்குள்தான் ஏற்ற இறக்கம், அதாவது 0.03 கிலோ. அதைக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை. பத்தடி மேடு இருந்திருந்தால் 0.3 கிலோவைக் கழித்துவிட்டுத்தான் பேச வேண்டும்.

கிடைத்த அளவுகள்: போரடியில் 2.90. 100 மீட்டரில் 2.45. 200 மீட்டரில் 1.40. 300 மீட்டரில் 0.95. 420 மீட்டரில், கடைசி வால்வுக்கு முன்னால், 0.42.

இந்த ஐந்து எண்ணையும் ஒரு கோட்டில் புள்ளி வைத்துப் பாருங்கள். முதல் நூறு மீட்டரில் 0.45, மூன்றாவது நூறில் 0.45, கடைசி 120 மீட்டரில் 0.53. மூன்றும் ஒரே சரிவு. இரண்டாவது நூறில் மட்டும் 1.05. கோடு அங்கே முறிகிறது.

கணக்கு என்ன சொல்கிறது

முறியாத இடங்களில் இருக்கும் 0.45 நியாயமான கட்டணமா என்று சரிபார்க்க ஹேசன்–வில்லியம்ஸ் சூத்திரம் போதும்:

இழப்பு (மீட்டர் தண்ணீர்) = 10.67 × நீளம் × ஓட்டம்^1.852 ÷ (வழவழப்பெண்^1.852 × உள்விட்டம்^4.87)

நீளமும் உள்விட்டமும் மீட்டரில், ஓட்டம் விநாடிக்குக் கன மீட்டரில். பி.வி.சி.க்கு வழவழப்பெண் 150. பலர் தப்புவது உள்விட்டத்தில். 63 என்பது வெளிவிட்டம். வெட்டிய துண்டில் வெர்னியர் வைத்துப் பார்த்ததில் உள்ளே 58 மி.மீ. இந்த 5 மி.மீட்டரை அலட்சியம் செய்து 63 என்று போட்டால், விட்டம் 4.87 அடுக்கில் நிற்பதால், இழப்பு மூன்றில் ஒரு பங்கு குறைவாக வந்துவிடும்.

58 மி.மீ, 0.00435 கன மீட்டர் என்று போட்டால் மீட்டருக்கு 0.0443 மீட்டர், நூறு மீட்டருக்கு 4.4 மீட்டர் தண்ணீர், அதாவது 0.44 கிலோ. அளந்தது 0.45. உராய்வு இழப்புக்கு இன்னொரு சூத்திரமான டார்சி–வைஸ்பாக் முறையிலும் பார்த்தோம்: வேகம் விநாடிக்கு 1.65 மீட்டர், ரேனால்ட்ஸ் எண் (ஓட்டம் எவ்வளவு சுழல்கிறது என்று காட்டும் எண்) 1.2 லட்சத்தை ஒட்டி, உராய்வெண் 0.0173, 420 மீட்டருக்கு 17.4 மீட்டர் வருகிறது. ஹேசன்–வில்லியம்ஸ் 18.6 சொல்கிறது. இரண்டுக்கும் இவ்வளவு வித்தியாசம் வழக்கம்தான். ஆக பைப் நேர்மையாக வாங்குவது 1.86 கிலோ. மொத்தம் விழுந்தது 2.48. மீதி 0.6 கிலோ, 6 மீட்டர் தண்ணீர், 100-க்கும் 200-க்கும் நடுவில் யாரோ திருடுகிறார்கள்.

ஒரு எச்சரிக்கை: ஹேசன்–வில்லியம்ஸ் சாதாரண வெப்பத்தில் உள்ள தண்ணீருக்கு மட்டும். காற்றுக்கோ எண்ணெய்க்கோ அதைப் போடக் கூடாது. பண்ருட்டிப் பக்கம் முந்திரி ஆலைகளில் தோலெண்ணெயைப் பைப்பில் தள்ளுகிறார்கள். அந்தக் கெட்டித் திரவம் பெரும்பாலும் அடுக்கடுக்காக, சுழலாமல் நகரும். அங்கே இழப்பு ஓட்டத்துக்கு நேர் விகிதம், விட்டத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர் விகிதம், பிசுபிசுப்புக்கு நேர் விகிதம். விட்டத்தை இரட்டிப்பாக்கினால் இழப்பு 16-ல் ஒரு பங்கு. எண்ணெயைச் சூடாக்கினால் பம்பு லேசாகிறது என்றால் காரணம் இதுதான். தண்ணீரைச் சூடாக்கி அந்த லாபம் கிடைக்காது.

வாய்க்கால் தாண்டும் இடம்

100-க்கும் 200-க்கும் நடுவில், 145-வது மீட்டரில், லைன் ஒரு பாசன வாய்க்காலைத் தாண்டுகிறது. பி.வி.சி. வெயிலில் கிடந்தால் பொரிந்துவிடும் என்று அங்கே மட்டும் 2 இன்ச் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப் போட்டிருந்தார்கள்: ஒரு மீட்டர் மேலே, நான்கு மீட்டர் குறுக்கே, ஒரு மீட்டர் கீழே, நான்கு எல்போ. 140-லும் 152-லும் இன்னும் இரண்டு சேடில் மாட்டியதில் 2.27-ம் 1.62-ம் வந்தன. 12 மீட்டரில் 0.65. நேர் பைப்பாக இருந்தால் 0.05 போயிருக்கும். திருடன் அகப்பட்டான்.

மேடான இடம் என்பதால் உச்சியில் காற்று அடைத்திருக்கிறது என்றுதான் முதலில் யாரும் சொல்வார்கள். இந்த லைனில் அது சரியல்ல. காற்றுக் குமிழை அடித்துக்கொண்டு போகத் தண்ணீருக்கு ஒரு வேகம் தேவை. கணக்கு: ஈர்ப்பு முடுக்கத்தையும் விட்டத்தையும் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள், 58 மி.மீட்டருக்கு 0.75 வரும். தண்ணீர் வேகம் இதைப் போல் ஒன்றரை மடங்குக்கு மேல் இருந்தால் செங்குத்தாக இறங்கும் காலிலும் காற்று நிற்க முடியாது. இங்கே வேகம் 1.65, இரண்டு மடங்குக்கு மேல். காற்று நிற்காது. (பெரிய பைப் போட்ட பிறகு கதை மாறும், கீழே வருகிறது.)

ஜி.ஐ.யை அறுத்துப் பார்த்ததும் விடை தெரிந்தது. 53 மி.மீ இருக்க வேண்டிய உள்விட்டம் 43-க்கு வந்திருந்தது. சுவர் முழுக்க மஞ்சளும் கறுப்புமாக மொட்டு மொட்டாகத் துரு. விரலை விட்டால் நெருஞ்சிமுள் மாதிரி குத்துகிறது. எல்போவின் உள்வளைவில் துருக்கட்டியின் மேல் மணலும் ஏறி, வாய் நீள்வட்டமாக நெளிந்திருந்தது.

43 மி.மீ, வழவழப்பெண் 80 என்று போட்டால் 6 மீட்டர் ஜி.ஐ.க்கு 3.7 மீட்டர் இழப்பு. வேகம் விநாடிக்கு 3 மீட்டர். எல்போ ஒவ்வொன்றும் வேக உயரத்தில் (வேகத்தின் வர்க்கத்தை ஈர்ப்பு முடுக்கத்தின் இரு மடங்கால் வகுத்தது) 0.9 பங்கு தின்னும். வேக உயரம் 0.457, நான்கு எல்போவுக்கு 1.65 மீட்டர். 58-லிருந்து 43-க்குச் சுருங்கித் திரும்ப விரிவதற்கு 0.2. ஆக 5.5 மீட்டர். நேர் பி.வி.சி.க்குரிய பங்கைக் கழித்தால் கூடுதல் 0.53 கிலோ. அளந்த 0.6-க்குப் பக்கத்தில் வந்தாயிற்று. மீதியைக் கேஜ் பிழையும் அந்த நெளிந்த எல்போக்களும் பங்கிட்டுக்கொள்ளும்.

பழைய பைப்பைப் பிடுங்காமல்

தாண்டும் இடத்தை மட்டும் சரிசெய்தால் கடைசியில் 0.42 என்பது 0.95 ஆகும். வேண்டியது 2.5. எனவே நீள பைப்பையும் கவனிக்க வேண்டும்.

10 எச்.பி. யோசனையை இப்போது எண்ணோடு பார்க்கலாம். கடைசியில் 2.5 கிடைக்கப் போரடியில் 5 கிலோ ஓட வேண்டும். அந்த மோட்டார் வால்வு மூடிய நிலையில் 6 கிலோவைத் தாண்டும். 6 கிலோ ரக பைப் எங்கேயாவது கிழியும். அப்படியே தாங்கினாலும் உராய்வில் போகும் 24.8 மீட்டர் உயரத்துக்கு விநாடிக்கு 4.35 லிட்டரை ஏற்றும் சக்தி 1,058 வாட். மோட்டாரும் பம்பும் சேர்ந்து 45 சதவீதத் திறன் என்று வைத்தால் 2.3 கிலோவாட் மின்சாரம், மணிக்கு மணி, பைப்பைச் சூடாக்கப் போகிறது. விவசாய மின்சாரம் இலவசம் என்பதால் இந்த எண்ணை யாரும் பார்ப்பதில்லை. பார்க்க வேண்டும். டிரான்ஸ்ஃபார்மர் எல்லோருக்கும் பொது.

அடுத்த வழி முழுக்க 90 மி.மீ, அதாவது 3 இன்ச். உள்விட்டம் 83, 420 மீட்டருக்கு இழப்பு 3.25 மீட்டர்தான். நல்ல விடை, ஆனால் நல்ல நிலையில் இருக்கும் 70 லென்த் பைப்பை மண்ணோடு விட்டுவிட வேண்டும்.

எடுத்த வழி மூன்றாவது: 63-ஐ அப்படியே வைத்துக்கொண்டு பக்கத்தில் 75 மி.மீ, இரண்டரை இன்ச், இணையாக ஓட்டுவது. இணையாகப் போகும் பைப்புகளில் இழப்பு சமமாகும்படி தண்ணீர் தானாகப் பிரிந்துகொள்ளும். பங்கு விட்டத்தின் 2.63 அடுக்கு விகிதத்தில். 69-ம் 58-ம் உள்விட்டம் என்றால் 75-ல் 1.58 பங்கும் 63-ல் 1 பங்கும் போகும். 63-ல் விநாடிக்கு 1.69 லிட்டர்தான். அதன் இழப்பு 18.6-லிருந்து 3.2 மீட்டருக்கு விழுந்துவிடுகிறது. பழைய 63-ம் புதிய 75-ம் சேர்ந்து ஒரு முழு 90-க்குச் சமம். ஒரே ரகத்தில் 75-க்குப் பிடிக்கும் பிளாஸ்டிக் 90-க்குப் பிடிப்பதில் எழுபது சதவீதம்தான்; விலையும் ஏறக்குறைய அப்படித்தான் நிற்கும்.

வாங்கியவை: 75 மி.மீ 6 கிலோ பைப் 72 லென்த், இரண்டு உதிரி. 90 மி.மீ டீ 4. 90-75 ரெடியூசர் 4, 90-63 ரெடியூசர் 4. வாய்க்காலுக்கு 90 மி.மீ எச்.டி.பி.இ. (வளையக்கூடிய கறுப்பு பாலிஎதிலீன்) பைப் 9 மீட்டர், இரு முனைக்கும் பிளான்ஜ். ஒரு இன்ச் ஏர் வால்வு ஒன்று, அதற்கு 90 மி.மீ சேடில். 63 மி.மீ கழுவு வால்வு ஒன்று. கடைசியில் 90 மி.மீ பால் வால்வு. சொல்யூஷன் (பி.வி.சி. ஒட்டும் பசை) 2 லிட்டர்.

வேலை நடந்த விதம்

பழைய லைனிலிருந்து ஒரு அடி தள்ளி இரண்டடி ஆழத்தில் பள்ளம். அதற்கும் நெருக்கமாகத் தோண்டினால் பழைய பைப்பின் பக்கமண் சரிந்து ஜாயின்ட் அசையும். செம்மண்ணில் சரளைக்கல் கூர்மையாக இருக்கும். அடியில் மூன்று விரல்கடை மணல் போட்டுத்தான் பைப்பை வைக்க வேண்டும்.

சொல்யூஷன் ஒட்டுவதை விடியற்காலையில் வைத்துக்கொள்ளுங்கள். கடலூர் வெயிலில் பதினோரு மணிக்கு மேல் தடவிய பசை பைப்பைச் செருகுவதற்குள் தோல் கட்டிவிடும். பிடித்த மாதிரி இருக்கும், ஒரு மாதத்தில் கசியும். இரண்டு பக்கமும் மெல்லத் தடவி, நேராகச் செருகி, அரை நிமிஷம் அழுத்திப் பிடிக்க வேண்டும். வாரிப் பூசினால் உள்ளே பிதுங்கிய பசை வளையமாக உறைந்து அதுவே ஒவ்வொரு ஆறு மீட்டருக்கும் ஒரு தடை ஆகும். பைப்பை நூல் பிடித்தாற்போல் நேராகப் போடாமல் பள்ளத்துக்குள் லேசாக நெளியவிட்டோம். வெயிலில் நீண்ட பைப் இரவில் சுருங்கும்போது ஜாயின்ட்டை இழுக்காது.

வாய்க்கால் தாண்டும் இடத்தில் இரண்டு லைனையும் ஒன்று சேர்த்து ஒரே 90 மி.மீ எச்.டி.பி.இ.யில் கொண்டுபோய், அக்கரையில் மறுபடி பிரித்தோம். கறுப்பு எச்.டி.பி.இ. வெயிலைத் தாங்கும், துருப்பிடிக்காது. முக்கியமாக எல்போ இல்லாமல் வில் மாதிரி வளைத்தே தாண்டலாம். வளைவின் ஆரம் விட்டத்தைப் போல் 25 மடங்குக்குக் குறையக் கூடாது, 90-க்கு 2.25 மீட்டர். இங்கே ஒரு மீட்டர் உயரம் ஏற 9 மீட்டர் நீளம் இருந்ததால் தாராளமாக வளைந்தது. வாய்க்காலின் இரு கரையிலும் தாங்கு கல் வைத்து, பைப்புக்கும் கல்லுக்கும் நடுவில் பழைய டியூப் ரப்பரைச் சுற்றினோம்.

முன்பு தேவையில்லாத ஏர் வால்வு இப்போது தேவை. 90 மி.மீ எச்.டி.பி.இ.யின் உள்விட்டம் 79. அதில் வேகம் விநாடிக்கு 0.89 மீட்டர். செங்குத்தாக இல்லாமல் சாய்வாக இறங்கும் இந்த வில்லில் காற்றைத் தள்ளும் எல்லை 0.88-ஐ ஒட்டியே நிற்கிறது. அதாவது காற்று போகலாம், போகாமலும் இருக்கலாம். போகாமல் நின்றால் இறங்கும் காலின் உயரம் அப்படியே இழப்பாகும். பெரிய பைப் போட்டும் எதிர்பார்த்த லாபம் வரவில்லை என்று வரும் புகார்களில் கணிசமானவை இந்த இடத்தில்தான் பிறக்கின்றன. வில்லின் உச்சியில் ஏர் வால்வை வைத்தாயிற்று. கரண்ட் போய்த் தண்ணீர் பின்வாங்கும்போது உள்ளே காற்றை விடுவதும் அதே வால்வு.

ஒட்டி ஒரு முழு நாள் கழித்து, மண் மூடுவதற்கு முன், கடைசி வால்வை மெல்ல மூடி 4 கிலோவில் அரை மணி நேரம் நிறுத்தினோம். பழைய 63-ன் கடைசிப் பாதியில் இரண்டு ஜாயின்ட் வேர்த்தன. எதிர்பார்த்ததுதான்: ஒன்பதும் ஓடும்போது அந்தக் கடைசியில் முன்பு 1.6 கிலோதான், இனிமேல் இரண்டரையை ஒட்டி. இரண்டையும் அறுத்து ரிப்பேர் கப்ளர் போட்டு, மறுநாள் மறுபடி நிறுத்தினோம். காய்ந்தது.

பின் அளவு

அதே டிரம், அதே 46 விநாடி, வோல்டேஜ் முந்தைய அளவுக்கு 3 வோல்ட்டுக்குள். போரடியில் 2.90, வாய்க்காலுக்கு முன் 2.77, பின் 2.73, கடைசியில் 2.51. 2.48 கிலோ விழுந்த இடத்தில் இப்போது 0.39. ஒன்பது ஸ்பிரிங்க்ளரும் மாட்டினால் கடைசி ஸ்பிரிங்க்ளரில் 2.4. துளி பொடியாகி, வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகின்றன.

கவனிக்க ஒன்று: ஒன்பதும் ஓடும்போது இப்போது முன்பைவிட நிறையத் தண்ணீர் வருவதால் ஆம்பியர் கொஞ்சம் ஏறும். பெயர்த் தகட்டில் உள்ள எண்ணைத் தாண்டவில்லை என்று பார்த்து ஓவர்லோட் ரிலேயைச் சரியாக வையுங்கள். நீரடி அதிர்ச்சியும் (ஓடும் தண்ணீர் திடீரென நிற்கும்போது பைப்பில் எழும் அழுத்த அடி) தணிந்தது. பி.வி.சி.யில் அழுத்த அலை விநாடிக்குச் சுமார் 325 மீட்டர் ஓடும். 420 மீட்டர் போய்த் திரும்ப இரண்டரை விநாடி. அதற்குள் வால்வை மூடினால் பழைய 1.65 மீட்டர் வேகத்தில் ஐந்து கிலோவுக்கு மேல் திடீரென ஏறும், இருப்பதோடு சேர்ந்து பைப்பின் 6 கிலோவைத் தாண்டும். இப்போது வேகம் 0.7, ஏறுவது இரண்டரை கிலோவுக்குள். ஆனாலும் பால் வால்வை பத்து எண்ணி மூடும் பழக்கத்தை விடக் கூடாது.

சேடில்களைக் கழற்றவில்லை. பிளக் போட்டு, மேலே ஒரு செங்கல் அடையாளம். மோட்டார் கொட்டகைச் சுவரில் 2.90, 2.51, 46 விநாடி என்று பெயின்ட்டில் எழுதியாயிற்று. வருஷம் ஒரு முறை பார்த்தால் போதும்.

அதே கேள்வி, காற்றில்

கடலூர் முதுநகர் துறைமுகப் பக்கம் ஃபைபர் படகு பழுதுபார்க்கும் கொட்டகை ஒன்றில் காற்று கிரைண்டர் இழுக்கவில்லை என்ற குறை. கம்ப்ரசர் 7 கிலோ. ஹோஸ் 30 மீட்டர், உள்விட்டம் 6 மி.மீ. கிரைண்டர் வாயில் கேஜ் வைத்தால் 7 காட்டுகிறது, அதனால் கிரைண்டர்தான் கெட்டது என்று முடிவு கட்டியிருந்தார்கள். காற்று ஓடாதபோது இழப்பே கிடையாது. கேஜ் 7-ஐத்தான் காட்டும். டிரிகரை அழுத்திக்கொண்டே பார்க்க வேண்டும். பார்த்தால் 4.1.

தண்ணீருக்கும் காற்றுக்கும் ஒரு பெரிய வித்தியாசம்: அழுத்தம் விழ விழக் காற்று விரிகிறது, விரிந்தால் வேகம் கூடுகிறது, வேகம் கூடினால் இழப்பு இன்னும் கூடுகிறது. ஹோஸின் கடைசி ஐந்து மீட்டர் முதல் ஐந்து மீட்டரைவிட அதிகம் தின்னும். ஆகவே தொடக்கத்து அடர்த்தியை வைத்து டார்சி–வைஸ்பாக்கில் வரும் எண்ணை அப்படியே கழிக்காமல், முழு அழுத்தங்களின் (கேஜ் எண்ணோடு வெளிக்காற்றின் 1 கிலோவைக் கூட்டியது) வர்க்கத்தில் கழிக்க வேண்டும். நிமிஷத்துக்கு 300 லிட்டர் வெளிக்காற்று, 7 கிலோவில் அது 38 லிட்டராகச் சுருங்கும். 6 மி.மீ ஹோஸில் வேகம் விநாடிக்கு 22 மீட்டர், முதல் கணக்கில் இழப்பு 2.27. கேஜ் 7 என்றால் முழு அழுத்தம் 8. 64-லிருந்து 2 × 8 × 2.27-ஐக் கழித்தால் 27.7, அதன் வர்க்கமூலம் 5.3, கேஜில் 4.3. கப்ளர் இரண்டும் 0.2 எடுத்திருக்கின்றன. அதே 30 மீட்டர் 8 மி.மீ ஹோஸ் என்றால் 0.6 தான் விழும், 10 மி.மீ என்றால் 0.2.

செய்தது: சுவரோரம் 24 மீட்டருக்கு முக்கால் இன்ச் ஜி.ஐ. லைன், கடைசி 6 மீட்டருக்கு மட்டும் 10 மி.மீ ஹோஸ், கப்ளரைக் கால் இன்ச்சிலிருந்து எட்டில் மூன்று (3/8) இன்ச்சுக்கு மாற்றினோம். காற்று லைனுக்குப் பி.வி.சி. போடவே கூடாது. தண்ணீர் பைப் வெடித்தால் கசியும். காற்று பைப் வெடித்தால் சில்லு சில்லாகப் பறந்து ஆளைக் குத்தும். மலிவு என்று இதில் கை வைக்காதீர்கள்.

கடலோரக் காற்றில் ஈரம் அதிகம். கம்ப்ரசரில் அழுத்தினால் அது தண்ணீராகும். ஹோஸ் தொங்கும் வளைவில் தேங்கிய தண்ணீர் வழியைப் பாதி அடைத்துவிடும். லைனை மூன்று மீட்டருக்கு ஒரு விரல்கடை சரிவு கொடுத்து, தாழ்ந்த முனையில் வடிகால் வால்வு வைத்தோம். கிளை எடுக்கும் டீயைப் பைப்பின் மேல் பக்கத்திலிருந்து எடுத்து வளைத்து இறக்கினால் தண்ணீர் கிரைண்டருக்குப் போகாது. டிரிகரை அழுத்திய நிலையில் இப்போது 6.8. கிரைண்டருக்கு வேண்டியது 6.3 என்பதால் கம்ப்ரசரையே 6.5-க்கு இறக்கி வைத்தாயிற்று.